இலவச டெக்னிக்குக்கு யார் காசு கட்டுறது?

"ஒன்லைனில் உழைப்பது எப்படி" என்று யூடியூப்பில் தமிழில் ஒருக்கா தேடிப் பாருங்கோ. வீடியோக்கள் வரிசையாக வந்து நிற்கும். கையில் ஒரு போன் இருந்தால் போதும், முதலீடு தேவையில்லை, ஆங்கிலம் தெரியத் தேவையில்லை, வீட்டிலிருந்தே டொலரில் உழைக்கலாம். எல்லாம் இலவசம். கீழே கொமென்ட்டில் "நன்றி அண்ணா", "காசு வாங்காமச் சொல்லித் தாறீங்களே, நீங்க நல்லா இருக்கோணும்" என்று வாழ்த்துகள்.

வாழ்த்துச் சொல்லுற ஆக்களில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இப்படி டெக்னிக்குகளைச் சும்மா அள்ளிக் கொடுக்கிறதை ஒரு சமூக சேவை மாதிரி நாங்கள் பார்க்கிறோமே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. கனதரம் அந்த டெக்னிக்கை வாங்கிறவருக்கும் நட்டம், அதை வைத்து ஏற்கனவே அமைதியாக உழைத்துக்கொண்டிருந்தவருக்கும் நட்டம். லாபம் வேறு எங்கேயோ போகுது. எங்கே போகுது என்பதைக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

அறிவு வேற, டெக்னிக் வேற

இப்படிச் சொன்னவுடன் வருகிற முதல் கேள்வி தெரியும். "அறிவைப் பகிர்ந்தால் குறையுமோ? பகிரப் பகிரக் கூடுறதுதானே அறிவு?"

உண்மை. அறிவு குறையாது. 2005 இல் தொடங்கின நூலகம் திட்டத்தை எடுங்கோ. ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் மின்வடிவாக்கி யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்று இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். ஒரு புத்தகத்தை அதில் பத்துப் பேர் வாசித்தாலும் பத்தாயிரம் பேர் வாசித்தாலும் கடைசியாக வாசிக்கிறவருக்கு ஒரு பக்கம்கூடக் குறையாது. கோடிங் படிக்கிறதும் அப்படித்தான். இன்னும் ஆயிரம் பேர் பைத்தன் படித்தார்கள் என்பதற்காக உங்களுக்குத் தெரிந்த பைத்தன் மறந்து போகாது.

டெக்னிக் என்பது வேறு சாமான். "இந்த இடத்தில் இப்ப ஒரு ஓட்டை இருக்கு, கன பேருக்குத் தெரியாது, தெரிந்தவன் உழைக்கிறான்" என்பதுதான் டெக்னிக். கன பேருக்குத் தெரியாது என்ற பகுதியிலதான் அதின்ர பெறுமதி முழுக்க இருக்கு. எல்லாருக்கும் சொன்ன பிறகு மிஞ்சுறது ஓட்டை மட்டும்தான்.

இதை விளங்கிக்கொள்ள இன்டர்நெட் தேவையில்லை. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரைக் கேட்டால் சொல்லுவினம். ஒரு போகம் சின்ன வெங்காயம் நல்ல விலை போகும். அடுத்த போகம் ஊரே வெங்காயம் நடும். கடைசியில் கிண்டின கூலிக்கும் காணாத விலைக்குச் சந்தையில் கொட்டிவிட்டு வருவார்கள். வெங்காயம் நடத் தெரியாமல் இல்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் அதையே நட்டதுதான் பிரச்சினை. ஒன்லைனில் இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே ஊர் என்பது முழு உலகம்.

ஹம்ஸ்டர் தட்டின கணக்கு

2024 இல் டெலிகிராமில் ஹம்ஸ்டர் கொம்பட் விளையாடாத பெடியளை எண்ணிவிடலாம். பஸ்ஸில், டியூசன் வாசலில், சாமத்தியவீட்டுப் பந்தலுக்குள் என்று எங்கே பார்த்தாலும் போனைத் தட்டிக்கொண்டு ஆக்கள். தட்டினால் கொயின் சேரும், பிறகு அது உண்மைக் காசாக மாறும் என்பதுதான் பேச்சு. ஒவ்வொரு நாளும் 'டெய்லி கொம்போ' என்று மூன்று கார்ட், 'சைபர்' என்று ஒரு இரகசியச் சொல். சரியாகப் போட்டால் இலட்சக்கணக்கில் கொயின் ஏறும். அந்த விடையை யூடியூப்பிலும் டிக்டொக்கிலும் டெலிகிராம் சனல்களிலும் தினமும் இலவசமாகப் போட்டார்கள். ஒரு சதமும் கேட்கவில்லை.

செப்டெம்பர் 26 ஆம் திகதி டோக்கன் கொடுத்தார்கள். 30 கோடிப் பேர் விளையாடியதாக நிறுவனம் சொன்னது. அதில் தகுதி பெற்றவர்கள் சுமார் 13 கோடி. விளையாடினவர்களுக்கென்று ஒதுக்கினது 6,000 கோடி டோக்கன். பிரித்துப் பாருங்கோ, ஆளுக்குச் சராசரியாக 450 சொச்சம் வரும். டோக்கன் சந்தைக்கு வந்த நேரத்தில் ஒன்றின் விலை ஏறத்தாழ ஒரு அமெரிக்கச் சதம். அப்போ ஒரு ஆளுக்கு நாலரை டொலர். எங்கட காசில் 1,400 ரூபாய் அளவு. மாதக்கணக்கில் தட்டினதற்கான கூலி அது. போட்ட டேட்டாக் காசை இதில் கழிக்கவில்லை.

இப்ப அந்தத் தினசரி விடையை நினைத்துப் பாருங்கோ. ஒருத்தருக்கு மட்டும் விடை தெரிந்திருந்தால் அவர் மற்றவர்களைவிட முன்னுக்குப் போயிருப்பார். எல்லாருக்கும் தெரிந்ததால் எல்லாருடைய கொயினும் சேர்ந்து ஏறினது, பங்கு போடுற டோக்கன் மட்டும் அப்படியே இருந்தது. அந்த விடையால் யாரும் யாரையும் முந்தவில்லை. ஆனால் விடை சொன்ன சனலுக்கு ஒவ்வொரு நாளும் பார்வை ஏறினது. தட்டினவரின் நாலரை டொலர் எப்பவோ ஒரு நாள் வந்தது. சொன்னவரின் விளம்பரக் காசு மாசாமாசம் வந்தது.

தமிழுக்கு வரும்போது பழசாகிவிடும்

எங்களுக்கென்று இதில் இன்னொரு பிரச்சினை இருக்கு. ஒரு டெக்னிக் முதலில் ஆங்கிலத்தில் ஒரு சின்ன வட்டத்துக்குள் சுற்றும். அங்கே உழைக்கிற ஆக்கள் உழைத்து முடிந்து, இனிப் பெரிசாக ஒன்றுமில்லை என்று ஆன பிறகு, அதைப் பற்றி வீடியோ போடத் தொடங்குவார்கள். பிறகு அது ஹிந்திக்குப் போகும், தமிழ்நாட்டுச் சனல்களுக்கு வரும், கடைசியாக எங்கட வட்ஸ்அப் குறூப்பில் "பெடியள் மிஸ் பண்ணாதேங்கோ" என்று வந்து விழும். எங்கட கைக்கு வந்து சேர்கிறது அநேகமாக ஆறிப்போன சாப்பாடு.

அதுக்குள்ள அந்தந்தத் தளங்களும் முழித்துக்கொண்டுவிடும். அமேசனில் வெறும் கோடு போட்ட கொப்பிகளையும் கலரிங் புத்தகங்களையும் நூற்றுக்கணக்கில் ஏற்றி உழைக்கலாம் என்பது ஒரு காலத்தில் பிரபலமான டெக்னிக். ஏஐ வந்த பிறகு புத்தகமே எழுதி ஏற்றலாம் என்று இன்னும் ஆயிரம் வீடியோ. 2023 செப்டெம்பரில், ஒரு கணக்கிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று புத்தகத்துக்கு மேல் புதிதாக ஏற்ற முடியாது என்று அமேசன் கட்டுப்படுத்தினது. ஏஐயால் கட்டுரைகளைக் குவித்து புளொக் நடத்தி விளம்பரத்தில் உழைக்கிற டெக்னிக்கும் அப்படித்தான். 2024 மார்ச்சில் கூகுள் தன் விதிகளை மாற்றி, தேடலில் மேலே வருவதற்காகவே மொத்தமாக உற்பத்தி செய்த பக்கங்களைத் தூக்கத் தொடங்கினது. முகம் காட்டாமல், ஒரே அச்சில் வீடியோ வார்க்கிற சனல்கள் என்றால், 2025 ஜூலை 15 முதல் யூடியூப் அந்த மாதிரி வீடியோக்களுக்கு விளம்பரக் காசு இல்லை என்ற விதியைத் தெளிவாக்கி இறுக்கினது.

வேலி போடும்போது நல்லவர், கெட்டவர் என்று பார்த்துப் போடுறதில்லை. 2018 ஜனவரியில் யூடியூப் 1,000 சந்தாதாரரும் ஒரு வருசத்தில் 4,000 மணித்தியாலப் பார்வையும் இருந்தால்தான் விளம்பரக் காசு என்று விதி கொண்டு வந்தது. மற்றவன் வீடியோவைத் தூக்கிப் போட்டு உழைத்தவர்களையும் மோசடிச் சனல்களையும் மறிக்கிறதுதான் நோக்கமாகச் சொல்லப்பட்டது. ஆனால் சொந்தமாகப் படம் எடுத்து, சொந்தமாக எடிட் பண்ணி, சின்னதாக ஒரு தமிழ்ச் சனல் நடத்தினவரும் அதே வேலிக்கு வெளியேதான் நின்றார். டெக்னிக் படித்து வந்த கூட்டம் அடுத்த டெக்னிக்குக்குப் போய்விடும். வேலிக்கு வெளியே நின்று கஷ்டப்படுறது அதைத் தொழிலாகச் செய்ய நினைத்தவர்.

விலை விழுறது

ஃபைவர் தளத்திலும் இதே கதைதான். 2010 இல் ஐந்து டொலருக்கு ஒரு வேலை என்று தொடங்கின இடம் அது. விற்கிறவருடைய வருமானத்தில் 20 வீதத்தைத் தளம் எடுக்கும். ஐந்து டொலர் வேலை செய்தால் கையில் நாலு.

அங்கே லோகோ செய்து உழைக்கிற ஒரு டிசைனரை நினையுங்கோ. எழுத்துருக்களைப் பற்றிப் படித்து, நிறங்களைப் பற்றிப் படித்து, இரண்டு மூன்று வருசம் மெனக்கெட்டு ஒரு விலைக்கு வந்திருப்பார். "டிசைன் தெரியாமலே லோகோ விற்று உழைக்கலாம்" என்று ஒரு இலவச வீடியோ வரும். கன்வாவில் டெம்பிளேட் எடு, பெயரை மாற்று, ஐந்து டொலருக்குப் போடு. அடுத்த கிழமை அதே டெம்பிளேட்டோடு ஆயிரம் பேர் நிற்பார்கள். வாங்க வருகிற வெளிநாட்டுக்காரருக்கு எது ஒழுங்கானது எது டெம்பிளேட் என்று தெரியாது, விலைதான் தெரியும். இரண்டு தரம் ஏமாந்தால் "இந்த நாட்டுக்காரரிட்ட வேலை குடுக்கக்கூடாது" என்று முடிவெடுப்பார். புதிசா வந்த ஆயிரம் பேருக்கும் வேலை கிடைக்காது. பழைய டிசைனர் விலையைக் குறைக்க வேண்டி வரும். அவர் அந்த வீடியோவைப் பார்க்கக்கூட இல்லை, ஆனால் அதற்குக் காசு கட்டினவரில் அவரும் ஒருத்தர்.

இதைவிட மோசமானது, ஒருத்தருக்கொருத்தர் ஓடர் போட்டு ஐந்து நட்சத்திர ரிவியூ மாற்றிக்கொள்ளுற டெக்னிக். அது தளத்தின் விதிக்கு முழுக்க எதிரானது. பிடிபட்டால் கணக்குப் போகும். வீடியோவில் அந்தப் பகுதியைச் சொல்ல மாட்டார்கள்.

சொல்லுறவருக்கு எங்கே இருந்து காசு?

இலவசமாகச் சொல்லுற எல்லாரும் கள்ளர் என்று நான் சொல்லவில்லை. உண்மையாகவே உதவி செய்ய நினைத்துச் சொல்லுற அண்ணாமார் அக்காமார் இருக்கிறார்கள். ஆனால் பொதுவாக, காசு எங்கே இருந்து வருது என்று பார்த்தால் பாதி விசயம் விளங்கிவிடும்.

தமிழ் வீடியோவுக்குக் கிடைக்கிற விளம்பரக் காசு ஆங்கில வீடியோவோடு பார்த்தால் குறைவு. அதனால் பார்வைகளை மட்டும் நம்பி ஓடுறது கஷ்டம். "லிங்க் டிஸ்கிரிப்ஷனில இருக்கு" என்று சொல்லுறது அதுக்குத்தான். அந்த லிங்க்கால் நீங்கள் கிரிப்டோ கணக்குத் திறந்தால், நீங்கள் கட்டுற கட்டணத்தில் ஒரு பங்கு அவருக்கு. ஃபொரெக்ஸ் என்றால் நீங்கள் வென்றாலும் தோற்றாலும், வாங்கி விற்கிற ஒவ்வொரு தரமும் அவருக்குக் கொமிஷன். சில இடங்களில் நீங்கள் தோற்கிற காசிலேயே அவருக்குப் பங்கு. அப்ப அவர் உங்களுக்கு இலவசமாக எதைச் சொல்லித் தருவார்? அடிக்கடி வாங்கி விற்கிறது எப்படி என்றுதான் சொல்லித் தருவார்.

இதின்ர கடைசிப் படிதான் பிரமிட். அதிலும் முதல் வகுப்பு இலவசம்தான். ஸூம் கூட்டம் இலவசம், ஹோட்டல் மண்டபத்தில் தேத்தண்ணியும் இலவசம். இலங்கை மத்திய வங்கி தடைசெய்யப்பட்ட திட்டங்கள் என்று 2023 இல் வெளியிட்ட பட்டியலில் எம்டிஎஃப்ஈ, ஒன்மெக்ஸ்டிடி, ஸ்போர்ட் செயின் எல்லாம் இருந்தன. எம்டிஎஃப்ஈ செயலி அந்த வருசம் ஓகஸ்டில் இழுத்து மூடப்பட்டபோது இலங்கையிலும் பங்களாதேசிலும் காசு போட்டவர்கள் தெருவில் நின்றார்கள். அவர்களில் அநேகம் பேருக்கு அதை அறிமுகப்படுத்தினது மச்சான், ஒன்றுவிட்ட அண்ணா, படிப்பித்த சேர், பக்கத்து வீட்டு அன்ரி மாதிரித் தெரிந்த ஆக்கள்தான். இன்னொன்றும் தெரிந்து வைத்திருங்கோ. எங்கட வங்கித்தொழில் சட்டத்தின்படி பிரமிட் திட்டத்தை நடத்துறது மட்டும் குற்றம் இல்லை, அதை ஊக்குவிக்கிறதும் விளம்பரப்படுத்துறதும் குற்றம். "நான் சும்மா ஷெயார்தான் பண்ணினனான்" என்பது தப்புறதுக்கு ஒரு வழியில்லை.

இழக்கிறது காலம்

2022 மார்ச்சில் ரூபாயை விட்ட பிறகு, 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதமளவில் 360 ரூபாயைத் தொட்டது. 100 டொலர் என்றால் 36,000 ரூபாய், கடையில் மாதம் முழுக்க நிற்கிற ஒரு பெடியனின் சம்பளத்துக்குக் கிட்ட. அந்த நேரம் டொலரில் உழைக்கலாம் என்று யார் சொன்னாலும் காது கொடுத்துக் கேட்கத்தான் செய்வம். அதில் பிழை சொல்ல ஏலாது.

இந்த வீடியோக்களை ஆகக் கூடுதலாகப் பார்க்கிறது யார்? உயர்தரம் எழுதிவிட்டு இருக்கிற ஆக்கள். பரீட்சை முடிந்து, பெறுபேறு வந்து, கம்பஸ் கிடைத்து உள்ளே போக ஒரு வருசத்துக்கு மேல் போகுது. கிடைக்காதவர்களுக்கு அந்த ஒரு வருசம்தான் வாழ்க்கையில் அடுத்த திருப்பத்தை முடிவு செய்யுற காலம். அந்தக் காலத்தில் ஒரு பிள்ளை முதல் மாதம் ஒரு செயலியில் தட்டுது, இரண்டாம் மாதம் ஆயிரம் கப்சா அடித்தால் ஒரு டொலரும் ஒழுங்காக வராத இடத்தில் கண்ணைக் கெடுக்குது, மூன்றாம் மாதம் டெம்பிளேட் லோகோ, நாலாம் மாதம் ஏஐ புளொக். ஒவ்வொன்றும் இலவசம். ஒவ்வொன்றும் முடிந்த பிறகு கையில் ஒன்றும் இல்லை. அடுத்த வேலைக்குக் கொண்டு போகக்கூடிய ஒரு தொழிலும் இல்லை. "எனக்கு இது சரிவராது" என்ற நினைப்பு மட்டும் மிச்சம்.

அந்தப் பிள்ளை சோம்பேறி இல்லை. ஒவ்வொரு நாளும் ஐந்து மணித்தியாலம் உழைச்சிருக்கு. அதே ஐந்து மணித்தியாலத்தை ஒரே வேலையில், எடிட்டிங்கோ கணக்குப் பதிவோ மொழிபெயர்ப்போ கோடிங்கோ, போட்டிருந்தால் வருச முடிவில் ஏதோ ஒன்றைச் செய்யத் தெரிந்திருக்கும். இலவச டெக்னிக்குக்கு நாங்கள் கட்டுற விலை இதுதான். காசாகக் கட்டாததால் கட்டினதாகவே தெரிகிறதில்லை.

அப்ப காசுக்கு விற்கச் சொல்லுறீங்களோ?

இல்லை. "இலவசமாய்ச் சொன்னால் மதிப்பில்லை, அதனால 15,000 ரூபாய்க்குக் கோர்ஸ்" என்று வருகிறவர்கள் அநேகமாக அதே ஆறின சாப்பாட்டைப் புதுப் பெட்டியில் போட்டுத் தருகிறவர்கள். வாங்கிறவருக்கு இரட்டை நட்டம். இலவசமோ கட்டணமோ என்பதை வைத்து நான் இதைப் பிரிக்கவில்லை. எதைப் பகிர்கிறோம், எப்படிப் பகிர்கிறோம், பகிர்ந்த பிறகு யார் பொறுப்பு என்று கேட்கிறேன்.

ஊரில் மேசனிடம் கையுதவிக்குப் போகிற பெடியனும் கராஜில் நிற்கிற பெடியனும் தொழிலை இலவசமாகத்தான் பழகுறாங்கள். யாரும் பீஸ் கட்டுறதில்லை. ஆனால் அந்தப் பெடியன் கட்டுற சுவர் சரிந்தால் மேசனுக்குத்தான் பேச்சு விழும். அதனால் நூல் பிடிக்கிறதிலிருந்து பார்த்துப் பார்த்துத்தான் பழக்குவார். இரண்டு பேருக்கு மேல் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளவும் மாட்டார். ஐம்பதாயிரம் பேருக்கு வீடியோ போடுறவருக்கு யாருடைய சுவரும் தெரியாது.

அதனால் உண்மையாகவே ஒன்லைனில் உழைக்கிற அண்ணாமார் அக்காமாரிடம் கேட்கிறது இதுதான். டெக்னிக்கைப் போடாதேங்கோ, தொழிலைச் சொல்லித் தாங்கோ. போடத்தான் வேணும் என்றால் எந்த மாதம் எந்த வருசம் அது வேலை செய்தது என்று போடுங்கோ. எத்தனை மணித்தியாலம் போனது, முதல் காசு எத்தனையாம் மாதம் வந்தது, எத்தனை பேருக்குச் சரிவரவில்லை என்றதையும் சொல்லுங்கோ. லிங்க்கில் உங்களுக்கு எவ்வளவு வரும் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கோ, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காசை வங்கிக்கு எடுக்கிறது எப்படி, வரி எப்படி என்ற அலுப்பான விசயங்களையும் சேருங்கோ. முடிந்தால் ஐந்து பேரைப் பக்கத்தில் வைத்து ஆறு மாதம் பழக்குங்கோ. லைக் வராது. ஆனால் ஐந்து வீட்டுக்குச் சோறு வரும்.

பார்க்கிற எங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. "இதை இவர் ஏன் எனக்குச் சொல்லுறார்? இதாலயே உழைக்கலாமென்றால் வீடியோ போட ஏன் மெனக்கெடுறார்?" என்று கேட்டுப் பழகுவம். அதோட, தன் வழியைச் சொல்லித் தராத ஒருத்தரை உடனே பொறாமை பிடித்தவர், சுயநலக்காரர் என்று திட்டுறதையும் விடுவம். அவர் வாய் மூடி இருக்கிறது சிலவேளை தன் சோற்றைக் காப்பாற்ற. சிலவேளை உங்கட ஒரு வருசத்தைக் காப்பாற்றவும்தான்.